பச்சை அட்டையின் இரண்டாம் பக்கம்

ஏப்ரல் 4

அன்புத் தங்கைக்கு,

'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கிப் பழகிய கை. இந்தச் சமயத்தில் அது பொருந்தாது என்பதால் தவிர்த்திருக்கிறேன். உன் எண்ணுக்குப் பதினோரு முறை அழைத்தேன். ஒவ்வொரு முறையும் மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. வேலையில் இருப்பாய் என்று எடுத்துக்கொண்டேன். பதினோரு முறையும்.

நம் நார்வே புரோகிரசிவ் ராக் ரசிகர் சங்கத்தின் இரங்கல் தீர்மானத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். சென்ற ஞாயிறு என் வீட்டில் நடந்த அவசரக் கூட்டத்தில் ஒருமனதாக நிறைவேறியது. மூன்றாவது உறுப்பினரான மருந்துக்கடைக்காரர் வரவில்லை. எனவே நானும், பஸ் டெப்போவில் நேரம் குறிக்கும், நாம் 'தாளம்' என்று கூப்பிடும் நண்பனும் மட்டுமே. இரண்டே பேர் இருக்கும் இடத்தில் ஒருமனம் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்று நீ அறிவாய். ஆனாலும் கிடைத்தது.

"பதினான்கு ஆண்டுகள் சங்கத்தின் தலைவராக இருந்து, தாம் மிகவும் நேசித்த இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தைக் கண்மூடி ரசித்தபடியே அமைதியாக மறைந்த எங்கள் தலைவருக்கு..." என்று தொடங்கும். தாளத்துக்கு 'ரசித்தபடியே' என்ற சொல் கனமாகப் பட்டது. நான்தான் இருக்கட்டும் என்றேன்.

ஒரு வேண்டுகோள். நீ மாற்றல் வாங்கிக்கொண்டு அந்த ஊருக்குப் போனபோது வீட்டுச் சாமான்களோடு பச்சை அட்டை ரெக்கார்டும் போய்விட்டது. அந்த ரெக்கார்டு மாப்பிள்ளையுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஊரில் வேறு பிரதி இல்லை. மே மாதம் நினைவுக் கூட்டம். அன்று அதே பக்கத்தை ஒலிக்கச் செய்வதுதான் அவருக்கு முறையான மரியாதை. கூரியரில் அனுப்பினால் அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டவும். படுக்க வைக்கக் கூடாது, நிமிர்த்தி வைக்க வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்
(செயலர் என்ற முறையிலும்)


ஏப்ரல் 13

அண்ணாவுக்கு,

பதினோரு முறை அல்ல, பதினான்கு. மூன்று முறை ஒரே மணியில் வைத்துவிட்டாய். எண்ணத் தெரிந்தவன் நம் வீட்டில் நீ ஒருவன் மட்டும் இல்லை.

ஃபோனில் பேச மாட்டேன். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "அம்மா, கொஞ்சம் டாக்டரைக் கூப்பிடுங்கம்மா" என்று ஊரே என் காதில் அழுகிறது. அதற்கு மேல் உன் அழுகைக்கு இடமில்லை. எழுது. காகிதத்தில் நீ அழ மாட்டாய், கையெழுத்து கெட்டுவிடும்.

தீர்மானம் வந்தது. 'ரசித்தபடியே' என்று உங்களுக்கு யார் சொன்னது? அவரா?

அன்றைக்கு அவரைக் கொண்டுபோனபோது அவசரப் பிரிவு டாக்டர் என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியாது. நீ ஸ்டிரெச்சர் பக்கத்தில் அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். "ஒரு கால் மணி முன்னாடி கொண்டு வந்திருக்கக் கூடாதாம்மா?" என்றார். திட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். அந்த டாக்டரை எனக்குத் தெரியும். மாதம் நூறு தடவை அவரைக் கூப்பிட்டுக் கொடுத்தவள் நான். ஆஸ்பத்திரிக்கு அடித்து ரெண்டு இலக்கம் சொன்னால் அவரே எடுப்பார் என்று எங்கள் தெருவில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அன்று சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு சுவர்.

ரெக்கார்டின் அந்த இரண்டாம் பக்கம் ஓட இருபத்து நாலு நிமிடம். அதில் எந்தக் கால் மணி? எனக்கு வேண்டியது இது ஒன்றுதான்.

அவரை எனக்கு மாப்பிள்ளையாகப் பார்த்தவன் நீ. பெண் பார்க்க வந்த அன்று அப்பா, "வேலை நிரந்தரமா?" என்று கேட்டார். நீ, "பச்சை அட்டை வச்சிருக்கீங்களாமே?" என்று கேட்டாய். "கீறல் இல்லாம இருக்கு" என்றார். நீ எழுந்து உள்ளே வந்து, "முடிச்சிடலாம்பா" என்றாய். லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு பெண்ணைக் கொடுக்க அவன் வீட்டு அலமாரியில் நார்வேக்காரர்கள் நாலு பேர் இருந்தால் போதும் என்று முடிவு செய்த அண்ணன் உலகத்தில் நீ ஒருவனாகத்தான் இருப்பாய். மனிதர் நல்லவராக வாய்த்தது தற்செயல்.

நீ ஒவ்வொரு கூட்டத்திலும் ஸ்டாப்வாட்சை மடியில் வைத்துக்கொண்டு நோட்டில் எழுதுவாயே, எந்த நிமிடத்தில் யார் என்ன செய்தார்கள் என்று. அந்த நோட்டை அனுப்பு. பிறகு ரெக்கார்டைப் பற்றிப் பேசுவோம். இப்போதைக்கு நிமிர்த்திதான் வைத்திருக்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 20

அன்புத் தங்கைக்கு,

உன் 13ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது.

நோட்டு சங்கத்தின் ஆவணம். உறுப்பினர் அல்லாதவர் பார்வைக்குத் தருவதை விதி மூன்று தடுக்கிறது. விதியைத் திருத்தப் பொதுக்குழு கூட வேண்டும். பொதுக்குழு என்பது இப்போது நானும் தாளமும். தாளம் வருகிறான், உட்காருகிறான், பேசுவதில்லை. மேசையைக்கூடத் தட்டுவதில்லை. இருபது வருடமாக எந்தப் பலகையைக் கண்டாலும் ஏழரைத் தட்டுக் கணக்கில் தட்டிக்கொண்டிருந்தவன், இப்போது இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறான். மருந்துக்கடைக்காரர் கடையை மதியமே சாத்திவிடுகிறார்.

நீ விதிகளைக் கேலி செய்வாய் என்று தெரியும். ஐந்து பேராக இருந்த சங்கம், புல்லாங்குழல் ராக் இசையில் சேருமா என்ற கேள்வியில் உடைந்தபோது எங்களைக் காப்பாற்றியது விதிகள்தான். பாடல் வரிகளுக்குப் பொருள் தேடக் கூடாது என்ற விதி நான்கு மட்டும் இல்லாவிட்டால் இன்னும் இரண்டு முறை உடைந்திருக்கும். 'புரோகிரசிவ்' என்பதற்குப் பதில் பெயர்ப் பலகையில் 'முற்போக்கு' என்று எழுதிய வருடம், ஊர்வலம் எப்போது என்று கேட்டு ஒருவர் கொடிக் கம்போடு வந்து நின்றது உனக்கு நினைவிருக்கும். சரியான சொல், சரியான விதி, சரியான அளவு. இவை இல்லாமல் நான்கு மனிதர்கள் ஒரு அறையில் உட்கார முடியாது.

உனக்கு வேண்டிய விவரத்தை நானே தருகிறேன். ஊசி வைத்தது 4.10. ஊசி தானாகத் தூக்கிக்கொண்டது 4.34. விதி ஏழின்படி ஊசி தட்டில் இருக்கும்வரை யாரும் பேசவில்லை, எழவில்லை. ஊசி எழுந்ததும் நான்தான் முதலில் எழுந்தேன். "மாப்பிள்ளை, தங்கச்சி டீ போட்டாச்சான்னு பாருங்க" என்று தோளைத் தொட்டேன். பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

இடையில் குறிப்பிடத்தக்கதாக எதுவும் நடக்கவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 28

அண்ணாவுக்கு,

மருந்துக்கடைக்காரர் நேற்று இங்கே வந்தார். பஸ் மாறி மாறி ஐந்து மணி நேரம். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றார். நான் இடைவேளையில் போய்ப் பார்த்தேன். கையில் ஒரு டானிக் பாட்டில் கொண்டுவந்திருந்தார், எனக்கு. மருந்துக்கடைக்காரர் துக்கம் விசாரிக்க வேறு என்ன கொண்டுவருவார்?

"அக்கா, அவர் கையத் தூக்கினாரு" என்றார்.

"எப்ப?"

"பாட்டு நடுவுல. நல்ல இடம் வந்தா வலது கையத் தூக்குவோம்ல, அது மாதிரி."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

அவர் ரோட்டைப் பார்த்தார். "நாங்களும் தூக்கினோம்க்கா. ஒருத்தர் தூக்கினா மத்தவங்க தூக்கணும். அதுதான் பழக்கம்."

அண்ணா, அவர் உதவிக்குக் கை நீட்டினார். நீங்கள் மூன்று பேரும் பதிலுக்குக் கையைத் தூக்கிக் காட்டினீர்கள். அதில் ஒருவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். இது 'குறிப்பிடத்தக்கதாக எதுவும்' இல்லை என்றால், உன் நோட்டில் குறிப்பிடுவதற்கு வேறு என்னதான் இருக்கிறது?

இப்போது நான் கேட்கப்போவதை நிதானமாகப் படி. உன்னைத் திட்ட எழுதவில்லை. திட்டுவது என்றால் ஃபோனில் திட்டியிருப்பேன்.

அன்று எனக்கு ஒரு சத்தம் கேட்டது. அவருடைய எவர்சில்வர் டம்ளர் விழுந்து உருண்ட சத்தம். கீழ் விளிம்பு நசுங்கிய டம்ளர், உருண்டால் ஒரு சுற்றுக்கு ஒரு முறை டக்கென்று தட்டும். நான் கத்தியை வைத்துவிட்டு எழுந்தேன். கதவு வரைக்கும் போனேன்.

அதற்கு மூன்று வாரம் முன்பு நடந்தது உனக்கு நினைவிருக்கும். அவருடைய பெரியப்பா இறந்துவிட்டதாக ஃபோன் வந்து, சொல்லலாம் என்று கதவைத் திறந்தேன். நாலு பேரும் ஒரே சமயத்தில் "உஷ்" என்றீர்கள். அவர் சுவரில் மாட்டியிருந்த விதிப் பலகையைச் சுட்டிக்காட்டினார். முடிந்து வெளியே வந்து, "என்னமோ சொல்ல வந்தியே?" என்றார்.

"உங்க பெரியப்பா போயிட்டாரு."

"எப்ப?"

"நீங்க புல்லாங்குழல் கேட்டுக்கிட்டு இருந்தப்ப."

அவருக்கு வெட்கம். வெட்கப்பட்டால் கோபம் வரும். "செத்தவர் காத்திருப்பாரு. இனிமே ஞாயித்துக்கெழமை நாலு மணிக்கு வீடு பத்தி எரிஞ்சாலும் அந்தக் கதவைத் திறக்காத" என்றார். "சத்தியமா திறக்க மாட்டேன்" என்றேன்.

டம்ளர் விழுந்தபோது கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு, 'விழுந்ததை அவங்களே பொறுக்கிக்கட்டும்' என்று திரும்பி வந்து உட்கார்ந்தேன். பீன்ஸ் முழுவதையும் நறுக்கினேன். மிச்சமிருந்த நேரத்தில் நார் எடுத்ததையே மறுபடி எடுத்தேன்.

எனக்குச் சமையலறையில் கடிகாரம் இல்லை. உன் மடியில் இருந்தது. டம்ளர் எத்தனையாவது நிமிடத்தில் விழுந்தது? மருந்துக்கடைக்காரரைக் கேட்டேன். "கையத் தூக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டேன்க்கா. அப்புறம் சத்தம் கேட்டுது. உடனேயா, ரொம்ப நேரம் கழிச்சான்னு தெரியல. அந்தப் பாட்டுல நேரம் தெரியாது" என்றார்.

கடைசியில் விழுந்தது என்றால், நான் கதவைத் திறந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. முன்னால் விழுந்தது என்றால் டாக்டர் சொன்ன அந்தக் கால் மணி என் கையில் இருந்தது.

நோட்டை அனுப்பு.

தங்கை


மே 10

என் தங்கைக்கு,

நோட்டை அனுப்பியிருக்கிறேன். விதி மூன்றை நேற்று நானே நீக்கினேன். தாளம் எதிர்க்கவில்லை.

முப்பத்தொரு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன் நான். எத்தனையோ கடைக்காரர்கள் படிக்கல்லின் அடியில் துளை போட்டு ஈயத்தைச் சுரண்டியிருப்பார்கள். நான் பார்க்க மாட்டேன், கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும். அந்தக் கை, அந்த ஞாயிற்றுக்கிழமை, என்னிடமிருந்து நாலடி தூரத்தில் ஒரு மனிதன் செத்துக்கொண்டிருக்கையில் பதிலுக்கு உயர்ந்தது. அது மட்டுமல்ல. உயர்த்திவிட்டு, இறக்கி, எழுதியும் வைத்தது. நீயே பார்ப்பாய்: "9 நிமிடம் 40 வினாடி. தலைவர் வலக்கை உயர்த்திப் பாராட்டினார். மற்றவர் பதில் பாராட்டுத் தெரிவித்தனர்." கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

அவர் முகத்தை நான் பார்த்தேன். இதை மருந்துக்கடைக்காரர் சொல்லியிருக்க முடியாது, அவர் கண் மூடியிருந்தது. மாப்பிள்ளை என்னைத்தான் பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. இவ்வளவு வருடத்தில் அந்த இடத்தில் அவர் இவ்வளவு உருகி நான் பார்த்ததில்லை என்று நினைத்தேன். பொறாமைகூடப் பட்டேன். எனக்கு அந்த இடம் ஒருபோதும் அவ்வளவு தூரம் போனதில்லை. அதற்குப் பிறகு ஓரிரு முறை ஏதோ சந்தேகம் தட்டியது. எழுந்து தொட்டுப் பார்க்கலாமா என்று நினைத்து, பலகையைப் பார்த்தேன். அந்தப் பலகையைத் தட்டச்சு செய்து சட்டம் போட்டு ஆணி அடித்தவன் நான்.

நீ கேட்ட டம்ளர் விழுந்தது 22ஆம் நிமிடத்தில். நோட்டில் இருக்கிறது. ஊசி எழ இரண்டே நிமிடம் இருந்தபோது. கை அப்போதுதான் முழுதாகத் தளர்ந்து டம்ளர் நழுவியிருக்க வேண்டும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நீ கதவைத் திறந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. உன் கையில் எந்தக் கால் மணியும் இருக்கவில்லை. அது முழுக்க என்னுடையது. நான் வைத்துக்கொள்கிறேன்.

சங்கத்தைக் கலைத்துவிட்டேன். பச்சை அட்டையை அனுப்ப வேண்டாம்.

அண்ணன்


மே 18

அண்ணாவுக்கு,

நோட்டு வந்து மூன்று நாள் ஆயிற்று. உடனே திறக்கவில்லை. முதலில் ரெக்கார்டைப் போட்டேன்.

என் வாழ்க்கையில் நானாக ஊசி வைத்தது இதுதான் முதல் தடவை. சரியாக வைக்கத் தெரியவில்லை, ஒரு கீறல் விழுந்திருக்கும். மன்னித்துக்கொள். ஆஸ்பத்திரி விடுதியில் என் அறைதான்; எதிரில் மேசைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். நேற்று, ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி.

அந்த இசை எனக்குப் பிடிக்காது என்று பதினான்கு வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காததைப் பதினான்கு வருடம் சுவர் வழியாகக் கேட்டால் மனப்பாடம் ஆகிவிடும் என்று உங்கள் நாலு பேருக்கும் தோன்றவில்லை. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டதை நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டு கேட்டேன். முதலில் ஆர்கன் மட்டும். குழம்பு கொதிக்கும் நேரம். அப்புறம் அந்த மெல்லோட்ரான் என்ற வாத்தியம், யாரோ பக்கத்து வீட்டில் கூட்டமாக அழுவது போல. அப்புறம் டிரம்ஸ் வந்து ஒரே இடிபாடு. அது சட்டென்று நிற்கும். எல்லாமே நின்று, புல்லாங்குழல் மட்டும் தனியாக வரும். அந்த இடத்தில்தான் நான் எப்போதும் குழாயை மூடுவேன், தண்ணீர்ச் சத்தம் உங்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று. விதி ஏழு சுவருக்கு இந்தப் பக்கமும் இருந்தது. உங்கள் நோட்டில் அது ஏறவில்லை.

டம்ளர் விழுந்தது அந்தப் புல்லாங்குழலில். அதனால்தான் எனக்கு அது கேட்டது. உருண்டு, டக் டக்கென்று தட்டி நின்றபோதும் புல்லாங்குழல் மட்டும்தான் வாசித்துக்கொண்டிருந்தது.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நிமிடம் நாற்பது வினாடி.

இருபத்து இரண்டாவது நிமிடத்தில் என்ன வருகிறது என்றும் கேட்டேன். நாலு பேரும் சேர்ந்து அடிக்கிறார்கள். அந்தச் சமயத்தில் பக்கத்து அறையில் டம்ளர் என்ன, பீரோவே விழுந்தாலும் எனக்குக் கேட்காது.

அதற்குப் பிறகுதான் நோட்டைத் திறந்தேன். 9.40 வரிக்குக் கீழே பிளேடால் சுரண்டியிருக்கிறாய். காகிதம் மெலிந்து வெளிச்சம் தெரிகிறது. 22 என்று எழுதிய மை வேறு நீலம். முப்பத்தொரு வருடம் இப்படிப்பட்டவர்களைத்தானே பிடித்தாய், அவர்களிடமிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லையா? சுரண்டிய இடத்தை விளக்கில் காட்டினால் பழைய எழுத்து தெரிகிறது: "டம்ளர் விழுந்தது. யாரும் எழவில்லை. விதி 7 முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது."

நீ எனக்காகத்தான் சுரண்டினாய். தெரிகிறது. உன் வாழ்க்கையில் நீ செய்த ஒரே கள்ள அளவு என் பக்கம் தட்டைத் தாழ்த்தியது. அதற்காக உன்னிடம் கோபப்படப் பார்த்தேன், வரவில்லை. நன்றி சொல்லவும் வரவில்லை. மீதிப் பதினான்கு நிமிடம் இருபது வினாடியை நாம் இருவரும்தான் முழுதாகக் கேட்டோம், நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அதை நீ ஒருவனே வைத்துக்கொள்ள முடியாது. பாதியை எனக்கு அனுப்பிவிட்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

சங்கத்தைக் கலைத்தது பற்றி எனக்குக் கருத்து இல்லை. தாளத்தைப் போய்ப் பார். அவன் கையை வெளியே எடுக்கச் சொல்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்று நினைத்தேன், உனக்கு இல்லாமல் யாருக்கு எழுதுவேன்? நேற்று ரெக்கார்டின் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது, பதினைந்தாவது நிமிடம் இருக்கும், என் கதவை யாரோ தட்டினார்கள். இரண்டு முறை. "அக்கா" என்று ஒரு குரல். நான் எழவில்லை. எழக் கூடாது என்று நினைத்துக்கூட அல்ல, காலே எழவில்லை. ஊசி தானாகத் தூக்கிக்கொள்ளும்வரை கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். பக்கத்து அறை நர்ஸ். காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை கேட்க வந்தாளாம், வேறு அறையில் வாங்கிக்கொண்டாளாம். "நிஜமாவா? சர்க்கரைதானா?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மறுபடியும் கேட்டேன்.

சர்க்கரைதான்.

தங்கை